மாங்காய்க் காசில் ஓடும் மொபெட்

சாமல்பட்டி ஸ்டேஷனில் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு நடந்தால் மாமாவின் தோட்டம் வந்துவிடும். நாற்பது மாமரம், அத்தனையும் பெங்களூரா. கிளிமூக்கு என்றும் தோதாபுரி என்றும் சொல்வார்களே, அதேதான். காயாக இருந்தால் உப்பு, மிளகாய்த்தூள் தொட்டு நாம் தின்போம். பழுத்தால் பெரும்பகுதி கூழ் ஃபேக்டரிக்குப் போகும். கிருஷ்ணகிரியும் ஆந்திராவின் சித்தூரும் மாங்கூழுக்குப் பேர்போன வட்டாரங்கள்.

2025 சீசன் நினைவிருக்கிறதா? விளைச்சல் அமோகம். ஃபேக்டரிகளிலோ முந்தைய வருஷக் கூழே விற்காமல் கிடந்தது. விலை கிலோ 5 ரூபாய் வரைக்கும் இறங்கியது. ஆந்திராவில் கிலோவுக்கு 12 ரூபாய் என்று அறிவித்து, அதில் 4 ரூபாயை அரசே தந்தது. தங்கள் விவசாயிகளைக் காப்பாற்ற, வெளிமாநில பெங்களூராவைச் சித்தூருக்குள் விடாமல் தடுத்தார்கள். மாங்காய்க்கும் பார்டர் வந்துவிட்டது!

மாமாவுக்கு 4 டன் காய். கணக்குப் போட்டால் 20,000 ரூபாய். "பறிக்கிற கூலி, லோடு கூலி, வண்டி வாடகை எல்லாம் போக என்ன நிக்கும் மாப்ளே? மரத்துலயே விட்டுடலாம்னு பார்த்தேன். மனசு கேக்கல" என்றார். அந்த 20,000, ஓசூர் கம்பெனியில் வேலை பார்க்கும் அவர் மகனின் ஒரு மாதச் சம்பளம்.

விவசாயத்தில் தேவைக்கு மேல் இருக்கும் ஆட்கள் தொழிற்சாலைக்குப் போவார்கள், அப்படித்தான் நாடு வளரும் என்று 1954-ல் எழுதினார் ஆர்தர் லூயிஸ். கரீபியன் தீவான செயின்ட் லூசியாவில் பிறந்தவர். 1979-ல் நோபல் பரிசு வாங்கினார். ஓசூரைப் பார்த்தால் அவர் சொன்னது சரிதானே என்று தோன்றும். ஆனால் நாடு முழுக்கப் பார்த்தால் கதை பாதியில் நிற்கிறது. 2018-19-ல் விவசாயத்தை நம்பி வேலை செய்தவர்கள் 100-க்கு 42 பேர் சொச்சம். 2023-24-ல் அது 46. குறைய வேண்டியது கூடியிருக்கிறது! கொரோனா காலத்தில் ஊர் திரும்பியவர்களைத் தாங்கியது நிலம்தான். நாட்டின் மொத்த உற்பத்தியே சுருங்கிய 2020-21-லும் விவசாயம் வளர்ந்தது. ஆனால் இத்தனை பேர் பங்குபோடும் வருமானம், நாட்டு உற்பத்தியில் 100-க்கு 18 ரூபாய் அளவுதான்.

இன்னொரு பக்கமும் உண்டு. அதை ஏனோ நாம் அதிகம் பேசுவதில்லை. ஃபேக்டரி செய்கிற பொருளை யார் வாங்குவது? 1980-ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. இரண்டு பேர் போக வந்த வண்டியில் நம் ஊர்க்காரர்கள் புல்லுக்கட்டு, பால் கேன், உரமூட்டை, பேரப்பிள்ளை என்று எதைத்தான் ஏற்றவில்லை? காடு கழனியில் வந்த காசு ஓசூருக்குப் போனது, அங்கே வேலை உண்டானது, அந்தச் சம்பளம் திரும்ப ஊருக்கு வந்தது. மாங்காய் 5 ரூபாய்க்குப் போகிற வருஷம் புது வண்டியும் கிடையாது, வீட்டுக்கு வெள்ளையடிப்பும் கிடையாது. அந்த நஷ்டம் தோட்டத்தோடு நிற்பதில்லை.

சாப்பிட்டு முடித்ததும் மாமா மகனுக்கு போன் போட்டார். ஷிஃப்ட் முடிந்து ரூமுக்கு வந்திருந்தான்.

"பூ விடற நேரத்துக்கு மருந்து அடிக்கணும்டா. இந்த மாசம் எவ்வளவு அனுப்புவ?"

"மரத்தை வெட்டிடலாம்னு சொன்னியேப்பா?"

மாமா என்னைப் பார்த்தார். "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்டா. நீ அனுப்பு."