தறிச் சத்தமும் கல்லீரல் செல்லும்



எங்கள் பிள்ளையார்பாளையத்தில் சத்தத்தை வைத்தே யார் வீட்டுத் தறி ஓடுகிறது என்று நான் சொல்லிவிடுவேன். போன வருஷம் எங்க தாத்தாவின் தறி நின்றுபோனது. மஞ்சள் காமாலை. கண் மஞ்சளாகும் வரை அவருக்கே தெரியவில்லை. முதலில் பாட்டியின் கீழாநெல்லி, பிறகுதான் ஆஸ்பத்திரி. (இந்த வரிசை தப்பு என்பது என் கருத்து. பாட்டி இதைப் படிக்காமல் இருக்கணும்!) கல்லீரல் நோய் பெரும்பாலும் முற்றும் வரை வலிக்காதாம்.

ஆனால் கல்லீரல் செல்கள் ஊமை இல்லை. ஹார்மோன் வந்து தொட்டதும் செல்லுக்குள் கால்சியம் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். 'சேமித்த சர்க்கரையை ரத்தத்தில் விடு' என்பதற்கு அதுவும் ஒரு சேதி. 1986-ல் இங்கிலாந்து விஞ்ஞானிகள், கால்சியம் பட்டால் மின்னும் ஜெல்லிமீன் புரதத்தை எலியின் ஒரே ஒரு கல்லீரல் செல்லுக்குள் செலுத்தி இதைப் பார்த்தார்கள். ஹார்மோன் கூடினால் துடிப்பும் வேகமாகிறது. தறி மாதிரியே, சேதி தாளத்தில் இருக்கிறது!

ஒளிரும் சாயங்களும் உண்டு. ரோஜர் சியென் குழு 1985-ல் வெளியிட்ட ஃபூரா-2 அதில் ஒன்று. நம்ம ஊர் சாயம் நிறம் மாறினால் பட்டு பாழ். இந்தச் சாயமோ கால்சியம் ஒட்டியதும் மாறணும், அதுதான் அதன் வேலை. சியெனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது, ஒளிரும் புரத ஆராய்ச்சிக்காக.

நம்ம பக்கமும் ஆள் உண்டு. சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் வேதியியல் படித்த யமுனா கிருஷ்ணன், பெங்களூரில் தன் குழுவோடு டி.என்.ஏ.வாலேயே ஒளிரும் கருவி செய்து, உயிருள்ள செல்லுக்குள் அமிலத்தன்மையை அளந்தார் (2009). அது கல்லீரல் செல் இல்லை, வழி அதே வழி.

"இந்தக் காசில் மருந்து வாங்கித் தரலாமே" என்றாள் என் தோழி. பாதி நியாயம். சாயம் மருந்து இல்லை, தாத்தாவுக்கு இதனால் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் செல் எப்போது தடுமாறுகிறது என்று பார்க்காமல் மருந்தை எதற்கென்று செய்வது?

நாம் பரீட்சைக்கு வரையும் செல் அசையாமல் கிடக்கிறது. அதனால் அறிவியல் டீச்சருக்கு ஒரு விண்ணப்பம். சானிடைசரில் மஞ்சள்தூள் கரைத்து, கள்ளநோட்டு பார்க்கும் விளக்கில் காட்டினால் பச்சையாய் ஒளிரும். ஒளிரும் சாயம் என்றால் என்ன என்று எல்லாரும் பார்க்கலாம். விளக்கு நான் கொண்டு வரேன், ஜவுளிக்கடை அண்ணன்கிட்ட கேட்டாச்சு.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி