மங்கையர் நலம்: பிரியாத நஞ்சு

பிள்ளை பிறந்த சற்று நேரத்தில் நஞ்சுக்கொடி தானே பிரிந்து வெளிவருதல் இயற்கை. பிரிந்ததும் கருப்பைத் தசை இறுக, குருதிக்குழாய்களின் வாய்கள் மூடிக்கொள்கின்றன. நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடந்தோறும் சுமார் அரை லிட்டர் இரத்தம் பாய்கிறதென்பதை எண்ணினால் இவ்வேற்பாட்டின் அருமை விளங்கும்.

சில தாய்மாருக்கோ நஞ்சு தசைக்குள்ளேயே வேரோடிவிடுகிறது. அதனைக் கையால் பிரிக்க முயன்றால் உதிரம் வெள்ளமாய்ப் பெருகும். முன்னைச் சிசேரியன் தழும்பின்மேல் நஞ்சு படிவதே இதற்குப் பெருங்காரணம். 2006-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், நஞ்சு கருப்பை வாயை மறைத்திருந்த தாய்மாருள், முதற் சிசேரியனின்போது நூற்றுக்கு 3 பேருக்கும், இரண்டாவதில் 11 பேருக்கும், மூன்றாவதில் 40 பேருக்கும் இக்கோளாறு காணப்பட்டது. "முன்னமே அறுத்துத்தானே பெற்றாள், இதுவும் அப்படியே" என்று நம் வீடுகளில் சொல்லிக்கொள்ளும் ஆறுதல் எனக்கு ஒருபோதும் உவப்பானதன்று.

1876-இல் இத்தாலியின் பாவியா நகரில் எதுவார்தோ போர்ரோ என்னும் மருத்துவர், இடுப்பெலும்பு குறுகிய ஜூலியா காவல்லினி என்ற பெண்ணின் வயிற்றை அறுத்துக் குழந்தையை எடுத்தபின், கருப்பையையும் அகற்றினார். தாயும் சேயும் பிழைத்தனர். வயிற்றை அறுத்துப் பெற்றவருள் பெரும்பாலோர் மாண்ட காலம் அது.

வேரோடிய நஞ்சுக்கு இன்றும் அவ்வழியே பெரிதும் கைக்கொள்ளப்படுகிறது. நஞ்சைத் தொடாது கருப்பையின் மேற்புறத்தில் வெட்டிக் குழந்தையை எடுத்து, கொடியைக் கட்டி, நஞ்சோடு கருப்பையையே அகற்றுவர். சிறுநீர்ப்பை அதனோடு ஒட்டியிருக்குமாயின் வேலை மிகக் கடினம். நஞ்சு சிறிதளவே ஒட்டியிருப்பின் தையலிட்டும், உள்ளே பலூனை நிரப்பி அழுத்தியும் கருப்பையைக் காப்பதுண்டு.

கையொப்பம் கேட்கும் வேளையில் மாமியாரும் கணவரும் திகைப்பது இயல்பே. கருப்பை போனால் மாதவிலக்கும் மறுபிள்ளையும் இல்லை. அது மெய்யான இழப்புத்தான். ஆனால் சினைப்பைகளை விட்டுவைப்பதால் பெண்மைச் சுரப்புகள் நிற்பதில்லை. உதிரம் பெருகும்போது பேசித் தீர்க்க நேரமிராது. முன்கூட்டியே பேசிவைத்தல் வேண்டும்.

சௌல்தாரிச் சகோதரிகள் வலி கண்டபின் வண்டி தேடுதல் இவ்விடத்தில் உதவாது. பழைய தழும்புள்ளவர்கள் அதனை முதல் வருகையிலேயே மருத்துவரிடம் சொல்லி, நஞ்சு எங்கே படிந்துள்ளதென்று ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள். ஐயமிருப்பின், 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரிலுள்ள கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனையில் நாள் குறித்துக்கொண்டு, முன்னதாகவே நகரத்து உறவினர் வீட்டில் தங்குக. இத்தகைய அறுவையை 34 முதல் 36 வாரத்திற்குள் செய்வதே வழக்கம். இரத்தம் கொடுக்க இசைந்த உறவினர் இருவர் மூவரையேனும் உடன் அழைத்துச் செல்க.