தகுதியா, தந்திரமா?

தோழா!

தகுதி, தகுதி என்று தலைநகரிலிருந்து தமுக்கடிக்கிறார்களே, அந்தத் தகுதியை நிறுக்கும் தராசை ஒருமுறையேனும் உற்று நோக்கியதுண்டா நீ? நீட் எனும் நுழைவுத் தேர்வைத்தான் சொல்கிறேன்.

2025-இல் நடந்த தேர்வில் 180 வினாக்கள், 180 நிமிடங்கள். வினா ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். ஒன்றைக் குறிக்க வேண்டும். சரியானால் 4 மதிப்பெண். தவறினால் 1 பறிபோகும். குறிக்காமல் விட்டால் சுழி. கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன்தான் நான். எனினும் கூட்டலும் கழித்தலும் அறிவேன். கேள்!

கொள்ளிடக் கரையிலே ஓர் உழவன் மகள். இருபது வினாக்களில், இரண்டிரண்டு விடைகள் தவறென்று கண்டுகொள்கிறாள். எஞ்சிய இரண்டில் எது சரியெனத் தெளிவில்லை. தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டலாகாது என்று நாணயத்தோடு விட்டுவிடுகிறாள். கிடைப்பது சுழி. அதே இருபதில் அதே ஐயம் கொண்ட நகரத்து நம்பியோ துணிந்து குறிக்கிறான். சராசரியாகப் பத்து வாய்த்தால் 40, பத்து தவறினால் 10 கழியும், மிச்சம் 30! அறிவு இருவருக்கும் ஒன்றே, அறியாமையும் ஒன்றே. இடையிலே முளைத்த 30 மதிப்பெண்ணுக்குப் பெயர்தான் தகுதியாம்! பயிற்சி நிலையத்திலே பணம் கட்டியவன் காதிலே ஓதப்பட்ட மந்திரமன்றோ அது? (நாளை நோயாளியிடமும் இரண்டில் ஒன்றைத் தொட்டுப் பார்ப்பாரோ!)

அமெரிக்காவில் 1926-இல் அறிமுகமான 'சாட்' தேர்வை உருவாக்கியவர் கார்ல் பிரிகாம் என்ற உளவியல் பேராசிரியர். 1923-இல், தேர்வுத் தாள்களைக் காட்டியே இன்ன இனம் உயர்ந்தது, இன்ன இனம் தாழ்ந்தது என்று நூலெழுதியவர். 1930-இல் அந்த முடிவை அவரே மறுத்தார். இங்குள்ள தகுதிவாணர்களுக்கு அந்தத் துணிவு வருமா?

2007-இல் நுழைவுத் தேர்வை ஒழித்த மாநிலம் இது. 2021-இல் நீட் விலக்கு மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பியனுப்ப, 2022 பிப்ரவரியில் மீண்டும் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் மறுக்கப்பட்டது என்று 2025 ஏப்ரலில் பேரவையிலே அறிவிக்கப்பட்டது. எதிர்ப்பு ஓயாது, ஓயவும் கூடாது.

ஆனால், "எதிர்க்கும் தேர்வுக்கு நாமே பயிற்றுவிப்பதா?" என்று கிளைக் கூட்டங்களிலே கேட்கும் தோழர்கள் உண்டு. அவர்தம் சினம் நேரியது, முடிவு தவறு. 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்க்குக் கிடைத்ததே 7.5 விழுக்காடு ஒதுக்கீடு, அந்த வாயிலுக்கும் நீட்தானே திறவுகோல்? நம் கொள்கைப் பிடிப்புக்கு அந்தப் பெண் ஏன் விலை கொடுக்க வேண்டும்? நாம் மேடையிலே முழங்கும் ஆண்டுகளில் அவளுக்கு வயது ஏறாதா?

ஆகவே, உன் ஊர்ப் படிப்பகத்தின் மேசையை அவளுக்கு விடு. 11, 12-ஆம் வகுப்புப் பாடம் முதலில், குறுக்குவழி பின்னர். பழைய வினாத்தாள், விடைத்தாளின் நகல், ஒரு சுவர்க்கடிகாரம் போதும். எழாமல் மூன்று மணி நேரம் அமர்ந்து எழுதட்டும். பிறகு தவறிய வினாக்களை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுங்கள். எதைத் துணிந்து குறிப்பது, எதை விடுவது என்ற அந்த மந்திரத்தையும் காசின்றி அவள் காதிலே ஓதுங்கள். மதிப்பெண் குறைந்த நாளில் ஏசாதீர்கள், வீட்டாரையும் ஏசவிடாதீர்கள்.

இயற்பியல் படித்த தோழர் ஒருவர் உன் வட்டத்திலே இல்லாமலா போவார்? கூட்டத்திலே கைதட்ட மட்டும் அவரை அழைக்காதே. வரும் ஞாயிறு பிற்பகல் 2 மணிக்குப் படிப்பகத்துக்கு வரச்சொல். அந்தத் தேர்வும் 2 மணிக்குத்தான் தொடங்குகிறது.