சாய்வு நீக்கமும் பாட நம்பகமும்

பழைய தமிழ் அச்சு நூல்கள் படங்களாக்கப்பட்டு, ஒளிவழி எழுத்துணரியின் துணையால் தேடத்தக்க பாடங்களாக மாற்றப்பட்டு வருகின்றன. அப்பாடங்களில் பிழை நேரும்போது எழுத்துணரியின் பயிற்சிக் குறையே பெரிதும் பேசப்படுகின்றது. எழுத்தை உணர்வதற்கு முன்பே நிகழும் சாய்வு நீக்கமோ கணினியாளர்தம் பணியெனக் கருதப்படுகின்றது. பாடத்தின் வடிவைத் தீர்மானிக்கும் படிநிலை அதுவாதலின், பதிப்பாசிரியரின் பொறுப்பினுள் அடங்குவதே முறையாகும்.

அங்குலத்திற்கு 300 படவணு என்னும் அளவில் வருடப்பட்ட பக்கத்தில், 4 அங்குல வரி 1200 படவணு நீளமுடையது. பக்கம் 1 பாகை சாய்ந்தால் வரியின் இறுதி ஏறத்தாழ 21 படவணு விலகும். 3 பாகை சாய்ந்தால் 63 படவணு விலகும். வரிகள் 5 மி.மீ. தொலைவில் அமைந்த நூலில் அத்தொலைவு 59 படவணுவே. எனவே ஒரு வரியின் இறுதி, அடுத்த வரியின் தொடக்கத்திற்கு நேராக வந்துவிடும். கிடைமட்டமாக வரி பிரிக்கும் கருவி இரு வரிகளையும் கலந்துவிடும்.

படத்தைப் பல கோணங்களில் திருப்பி, ஒவ்வொரு கிடைவரிசையிலும் உள்ள கரும் படவணுக்களை எண்ணி, வரியும் இடைவெளியும் மிகத் தெளிவாகப் பிரியும் கோணத்தைத் தேர்வது பரவலான முறை. தேவநாகரியின் தலைக்கோடு இதற்கு நல்ல தடயமாகின்றது. தமிழில் அத்தகைய கோடில்லை. மேலே புள்ளியும் இகர, ஈகாரக் குறிகளும், கீழே உகர, ஊகாரக் குறிகளும் இடைவெளிக்குள் நீள்கின்றன. குறுகிய அடிகளையுடைய செய்யுட் பக்கங்களிலோ கோணத்தைக் காட்டும் சான்றே குறைவு.

கோணம் சரியாக அறியப்பட்டாலும் இடர் தீர்வதில்லை. கருப்பு வெள்ளையாக்கப்பட்ட படத்தைத் திருப்பினால் எழுத்தின் விளிம்புகள் சிதையும். 0.4 மி.மீ. அகலமுள்ள புள்ளி, மேற்கூறிய அளவில் ஏறத்தாழ 5 படவணுவே. சிதைந்த அப்புள்ளியைக் கறைநீக்கம் அழுக்கெனக் கருதி அகற்றக்கூடும். அந்நிலையில் ‘கண்’ என்பது ‘கண’ என நிற்கும். இழந்த புள்ளியை எழுத்துணரி ஊகிக்கலாமேயன்றிக் காணவியலாது. அவ்வூகமும் பழகிய சொல்லை நோக்கியே செல்லுமாதலின், அருஞ்சொற்களே மிகுதியும் இழக்கப்படும்.

நரம்பியல் வலையமைப்பு சார்ந்த புதிய எழுத்துணரிகள் சிறு சாய்வைத் தாங்கும் என்பது உண்மையே. எனினும் 2018இல் வெளிவந்த டெசராக்ட் 4 போன்றவையும் வரியையே அலகாகக் கொள்கின்றன. வரி தவறாகப் பிரிக்கப்பட்டால் அத்திறனால் பயனில்லை.

ஆகவே, சாம்பல்நிற மூலப்படம் எந்நிலையிலும் அழிக்கப்படாது பேணப்பட வேண்டும். அதனை ஒருமுறையே திருப்பி, அதன்பின்னரே கருப்பு வெள்ளையாக்குதல் வேண்டும். திருப்பிய கோணம் பக்கந்தோறும் பதியப்பட வேண்டும். கறைநீக்கத்தின் எல்லை, அந்நூலின் புள்ளி அளவினும் சிறியதாக அமைய வேண்டும். நூலின் முதுகையொட்டி வளையும் வரிகளை ஒரே கோணத்தால் நேராக்கவியலாதாகலின், அப்பக்கங்களைத் தனியே குறித்தல் வேண்டும். செய்யுளும் உரையும் விரவிய பக்கங்களைக் கொண்டு சோதனைத் தொகுப்புகளை உருவாக்கும் பணியைத் தமிழ்த்துறைகளே ஏற்கலாம்.

மின்பாடத்தில் தேடிக் கிடைக்காத சொல்லை, நூலிலேயே இல்லாத சொல்லென முடிவு செய்யும் வழக்கம் ஆய்வுலகில் பரவி வருகின்றது. மூலப்படமும் திருத்தக் குறிப்பும் உடனிருந்தால் மட்டுமே அம்முடிவை மற்றோர் ஆய்வாளர் சரிபார்க்க இயலும்.