மியூசிக் ஸ்டாண்டும் மூத்த பாடகரும்



எங்கள் சபையின் பாடகர் குழுவிலிருந்து வயது சென்ற தாயார் ஒருவர் விலகியபோது, முதுமையே காரணமென எண்ணிவிட்டேன். விசாரித்தபோதுதான் மியூசிக் ஸ்டாண்டே காரணமென்று அறிந்தேன். துருவேறிய திருகு அசையாததால் பலகையைத் தாழ்த்த இயலவில்லை. பைஃபோக்கல் கண்ணாடியில் வாசிக்கும் பகுதி கீழே இருப்பதால், அவர் முகவாயை உயர்த்தியே பாடவேண்டியிருந்தது, தொண்டை இறுகியது.

ஒலிபெருக்கிக்கு இலட்சங்களைச் செலவிடும் நாம், இதற்கு மட்டும் மலிவான மடக்குக் கம்பி போதுமென்பது தவறு. கனமான பாட்டுப் புத்தகத்தை வைத்தால் அது கவிழ்கிறது. மின்விசிறிக் காற்றில் தாள்கள் பறக்கின்றன (கீர்த்தனையின் நடுவே நானே குனிந்து பொறுக்கியதுண்டு). எஸ்றா நின்று வேதத்தை வாசிப்பதற்கென்றே மரத்தால் பீடம் செய்யப்பட்டதை நெகேமியா 8:4 எழுதிவைத்திருக்கிறது.

ஆகையால் கம்பியைத் தவிர்த்து, விளிம்புள்ள தகட்டுப் பலகையைத் தேடுங்கள். பாரம் சாயும் பக்கமாக ஒரு கால் நீண்டிருக்கட்டும். குமிழை மூத்தோரின் விரல்களும் திருகக்கூடுமா என்று பாருங்கள். உங்கள் குழுவின் மூத்த பாடகரையே கடைக்கு அழைத்துச் செல்லுங்கள்.