மூன்றாம் வாரத்தில் யார் எழுதுவது?

படம் வெளியான முதல் மூன்று நாட்களுக்கு விமர்சனமே வரக் கூடாது என்று தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள் தரப்பு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2024 டிசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது. விமர்சிப்பது கருத்துச் சுதந்திரத்தில் அடங்கும் என்று காரணம் சொன்னது. அதற்குச் சில நாட்கள் முன்புதான், ‘கங்குவா’ வெளியானதையொட்டி, தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப் சேனல்களை விடாதீர்கள் என்று தயாரிப்பாளர் சங்கம் திரையரங்க உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டிருந்தது. கேரளத்தில் இந்தச் சண்டை ஓராண்டு முன்பே தொடங்கிவிட்டது. அங்கே ஒரு மலையாளப் பட இயக்குநர் 2023இல் தொடுத்த வழக்கில், உயர் நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்ட வழக்கறிஞர், முதல் 48 மணி நேரம் விமர்சகர்கள் பொறுத்திருக்கலாம் என்று பரிந்துரைத்தார்.

கோடிகளைப் போட்டவரின் பதற்றம் நியாயமானது. காலைக் காட்சியின் இடைவேளையிலேயே ‘படம் அவுட்’ என்று கைபேசியில் செய்தி பறக்கிறது. ஞாயிறு தாண்டினால் காட்சிகள் குறைகின்றன, திங்களன்று சில ஊர்களில் படமே மாறிவிடுகிறது. ஆனால், கேட்கிற மருந்து தவறு. காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர் வெளியே வந்து பேசுவதை எந்த ஆணையும் தடுக்கக் கூடாது. விமர்சகர்கள் மூன்று நாள் வாய்மூடினால் அந்த மூன்று நாளும் விளம்பரமும் விலைக்கு வாங்கிய பாராட்டும் மட்டுமே பேசிக்கொண்டிருக்கும்.

என் கவலை அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. முதல் நாளில் எல்லோரும் எழுதுகிறார்கள். மூன்றாம் வாரத்தில் ஒருவரும் எழுதுவதில்லை. யூடியூபர் எழுதாததைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு அடுத்த வெள்ளி வந்துவிட்டது. நாளிதழுக்கு அந்த அவசரம் இல்லை. பக்கங்கள் இருக்கின்றன, பழைய படங்களை நினைவில் வைத்திருக்கும் ஆட்கள் இருக்கிறார்கள், ஞாயிறு இணைப்பு இருக்கிறது. இத்தனையும் வைத்துக்கொண்டு அதே ஓட்டப்பந்தயத்தில் கடைசி ஆளாக ஓடிக்கொண்டிருக்கிறது. பத்திரிகையாளர் காட்சி முடிந்த இரண்டு மணி நேரத்தில் முந்நூறு வார்த்தை. அதில் பாதி கதைச் சுருக்கம். மீதியில் ஒளிப்பதிவு கண்ணுக்குக் குளிர்ச்சி, பின்னணி இசை பலம், இரண்டாம் பாதியில் கத்தரி போட்டிருக்கலாம். கடைசியில் நட்சத்திரங்கள். ஒரு படத்தின் பெயரை எடுத்துவிட்டு இன்னொன்றின் பெயரைப் போட்டாலும் பொருந்தக்கூடிய வாக்கியங்கள் இவை. பார்த்தவரின் மனம் அதில் எங்கும் இல்லை.

விமர்சகர்கள் ஒரு படத்தைத் திரும்பப் பார்ப்பது, ஒரு பருவத்தின் படங்களைச் சேர்த்து எடைபோடுவது என்றால் என்ன என்று காட்ட, அறுபது ஆண்டுகள் நெருங்கியும் பழசாகாத ஒரு நிகழ்வு உண்டு. 1967 ஆகஸ்டில் நியூயார்க்கில் ‘பானி அண்ட் கிளைட்’ வெளியானது. ஆர்தர் பென் இயக்கம், வாரன் பேட்டி தயாரிப்பு. 1930களின் பொருளாதார மந்த காலத்தில் வங்கிகளைக் கொள்ளையடித்த ஓர் இளம் ஜோடியின் கதை. ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழின் தலைமைத் திரை விமர்சகர் போஸ்லி கிரௌதருக்குப் படத்தின் மீது கடும் கோபம். கொலைகாரர்களின் கொடுமையை வேடிக்கைக் கூத்தாக்கிவிட்டது, நடந்த வரலாற்றைப் பொய்யாக்கிவிட்டது என்று எழுதினார். ஒருமுறை எழுதி அவருக்கு ஆறவில்லை. மாண்ட்ரியால் விழாவில் பார்த்துவிட்டு ஒருமுறை, வெளியானபோது ஒருமுறை, செப்டம்பரில் ஞாயிறு கட்டுரையாக மறுபடியும் தாக்கினார். வாசகர்கள் எதிர்த்துக் கடிதம் எழுதினார்கள், நாளிதழ் அவற்றை வெளியிட்டது.

‘நியூஸ்வீக்’ வார இதழின் ஜோ மார்கன்ஸ்டர்னும் முதலில் படத்தைக் கிழித்துப்போட்டவர்தான். பிறகு மனைவியோடு சாதாரணத் தியேட்டருக்குப் போய், டிக்கெட் வாங்கிய கூட்டத்தோடு உட்கார்ந்து மறுபடி பார்த்தார். அந்தக் கூட்டம் எங்கே சிரித்தது, எங்கே சட்டென்று அடங்கியது என்பதைக் கவனித்தார். அடுத்த இதழில், தான் எழுதியது தவறு என்று இன்னொரு விமர்சனம் எழுதினார். அதை வெளியிட்ட ஆசிரியரின் துணிச்சலையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரு வாரம் முன்பு தன் இதழ் சொன்னதை அதே இதழே மறுப்பதை அவர் அவமானமாக நினைக்கவில்லை. வாசகர்களும் அதற்காக அந்த விமர்சகரைக் கைவிடவில்லை. பல ஆண்டுகள் கழித்து, 2005இல், விமர்சனத்துக்கான புலிட்சர் பரிசு மார்கன்ஸ்டர்னுக்குக் கிடைத்தது.

அக்டோபரில் விமர்சகர் பாலின் கேல் வந்தார். ‘நியூ ரிபப்ளிக்’ ஏற்க மறுத்த அவருடைய நீண்ட கட்டுரையை ‘நியூ யார்க்கர்’ வெளியிட்டது. அந்தப் படத்தின் வன்முறை ஏன் உறுத்துகிறது, அந்த உறுத்தல் ஏன் தேவை என்று பக்கம் பக்கமாக விவாதித்தார். முதலில் படத்தை ஒதுக்கிய ‘டைம்’ இதழ் டிசம்பரில் அதையே அட்டைப்படக் கட்டுரையாக்கியது. வார்னர் நிறுவனம் நம்பிக்கையில்லாமல் வெளியிட்டிருந்த அந்தப் படம் மறுபடி தியேட்டர்களுக்கு வந்தது. பத்து ஆஸ்கர் பரிந்துரைகள், இரண்டு விருதுகள். 1968 தொடக்கத்தில் ‘நியூயார்க் டைம்ஸ்’ கிரௌதரின் இடத்தில் அவரைவிட மிக இளையவரான ரெனாட்டா ஆட்லரை அமர்த்தியது.

கிழவருக்குப் புதுமை புரியவில்லை என்று இதைச் சுருக்கிவிடுகிறார்கள். அது கிரௌதருக்குச் செய்யும் அநியாயம். அவர் 1940 முதல் அந்த நாற்காலியில் இருந்தவர். இத்தாலிய இயக்குநர் ரோசலினியின் ‘தி மிராக்கிள்’ படத்துக்குக் கத்தோலிக்கத் திருச்சபையின் எதிர்ப்பால் நியூயார்க்கில் தடை வந்தபோது, அந்தப் படத்துக்காக வாதாடியவர். அந்த வழக்கில்தான் 1952இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், சினிமாவுக்கும் பேச்சுரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. இத்தாலிய நியோரியலிசப் படங்களை அமெரிக்கர்களுக்கு எடுத்துச் சொன்னதில் அவருக்குப் பெரிய பங்கு இருக்கிறது. இன்னொன்றும் முக்கியம். அதே 1967 டிசம்பரில் ‘தி கிராஜுவேட்’ வந்தபோது அதை அவர் மனமாரப் பாராட்டினார். இளைஞர்களின் படம் என்றால் அதைவிட வேறெது? ஆக, வயது மட்டும் காரணமில்லை. ‘பானி அண்ட் கிளைட்’ விஷயத்தில் அவர் முதல் பார்வையிலேயே நின்றுவிட்டார். மூன்று முறை எழுதியும் இரண்டாம் முறை பார்க்கவில்லை என்றுதான் அந்தக் கட்டுரைகளைப் படித்தால் தோன்றுகிறது.

அவருடைய முதல் பார்வை தடுமாறியதை நம் நாட்டுப் படம் ஒன்றும் அறியும். 1958இல் ‘பதேர் பாஞ்சாலி’ நியூயார்க்கில் திரையிடப்பட்டபோது, இவ்வளவு தளர்வான கட்டமைப்புக்கு ஹாலிவுட் எடிட்டர்கள் அரைகுறைத் தொகுப்பு என்றே பெயர் வைப்பார்கள் என்ற பொருளில் எழுதினார். ஆனால், அதே விமர்சனத்தில், படம் போகப்போக ஒரு துயரம் மெல்லத் திரண்டுவருகிறது என்றும் ஒப்புக்கொண்டார். எழுதும்போதே மனம் மாறிக்கொண்டிருந்த விமர்சனம் அது. இன்னொரு வாரம் கழித்து இன்னொரு கட்டுரைக்கு இடமிருந்திருந்தால் எங்கே போய் முடிந்திருக்குமோ! படம் மாதக்கணக்கில் ஓடியது, ரசிகர்கள் அவருக்காகக் காத்திருக்கவில்லை.

1967இன் இரண்டாம் பாதியில் வந்த படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். தெற்கு மாநிலத்துச் சிற்றூரில் ஒரு கறுப்பினத் துப்பறிவாளர் கொலை வழக்கை ஆராயும் ‘இன் தி ஹீட் ஆஃப் தி நைட்’. அந்தத் துப்பறிவாளராக நடித்த சிட்னி பாய்ட்டியர் வெள்ளையர் வீட்டு மருமகனாகப் போகும் ‘கெஸ் ஹூஸ் கமிங் டு டின்னர்’. பெரும் செலவில் எடுத்துத் தடுமாறிய இசைப்படம் ‘டாக்டர் டூலிட்டில்’. இவற்றோடு ‘பானி அண்ட் கிளைட்’, ‘தி கிராஜுவேட்’. ஐந்தும் அந்த ஆண்டின் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பட்டியலில் ஒன்றாக நின்றன. தனித்தனியாகப் பார்த்தால் ஐந்து படங்கள். சேர்த்துப் பார்த்தால், பழைய ஸ்டுடியோ முறை தளர்ந்து வேறொன்று உள்ளே நுழைவது தெரியும். 1968 நவம்பரில் ஹாலிவுட்டின் பழைய ஒழுக்க விதித் தொகுப்பே போய், வயதுவாரியான தரக்குறியீடு வந்தது. எந்த ஒரு வெள்ளிக்கிழமை விமர்சனத்திலும் இந்த மாற்றம் பிடிபட்டிருக்காது.

நமக்கும் பருவங்கள் உண்டு. தீபாவளிப் படம், பொங்கல் படம், தமிழ்ப் புத்தாண்டுப் படம் என்றே சொல்லிப் பழகியவர்கள் நாம். 2003 பொங்கலை எடுத்துக்கொள்வோம். ‘தூள்’, ‘வசீகரா’, ‘சொக்கத்தங்கம்’, ‘அன்பே சிவம்’. ‘தூள்’ அந்தப் பொங்கலின் பெரிய வெற்றி. ‘அன்பே சிவம்’ ஓடவில்லை. பிறகு தொலைக்காட்சியில் பார்த்துப் பார்த்துத்தான் மக்கள் அதைக் கொண்டாடத் தொடங்கினார்கள். இவ்வளவும் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால், இரண்டையும் அருகருகே வைத்தால் இன்னொன்று தெரிகிறது. ‘தூள்’ நாயகன், கிராமத்து நீரைக் கெடுக்கும் தொழிற்சாலை பற்றி முறையிட நகரத்துக்கு வருகிறான். ‘அன்பே சிவம்’ நாயகன், தொழிலாளிக்குக் கூலி உயர்வை மறுக்கும் முதலாளியை எதிர்த்து வீதி நாடகம் போடுகிறான். ஒரே பொங்கலுக்கு வந்த இரண்டு படங்களிலும் பிரச்சினையின் வேர் தொழிற்சாலை. ஒருவன் கைமுஷ்டியால் தீர்க்கிறான். இன்னொருவன் சங்கத்தையும் நாடகத்தையும் நம்பி, உடல் சிதைந்து, கடைசியில் மன்னிக்கிறான். தாராளமயம் பத்தாண்டு கடந்திருந்த அன்றைய தமிழ்நாடு எந்தத் தீர்வுக்குக் கைதட்டியது, எதைத் தள்ளிவைத்தது? நாளிதழின் நடுப்பக்கத்துக்கு உரிய கேள்வி இது. இரண்டு படங்களுக்கும் தனித்தனியே போடும் நட்சத்திரங்களால் இதைக் கேட்கவே முடியாது.

மதிப்பெண்ணின் பலமும் பலவீனமும் நமக்கு நன்றாகத் தெரியும். 1977இல் ‘16 வயதினிலே’ படத்துக்கு ‘ஆனந்த விகடன்’ போட்ட 62.5 மதிப்பெண் இன்றும் பேசப்படுகிறது. இதழைக் கண்ணால் பார்க்காதவர்கள்கூட அந்த எண்ணைச் சொல்கிறார்கள். அந்த விமர்சனம் என்ன காரணம் சொன்னது என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. மதிப்பெண் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இருநூறு ரூபாய் செலவழிக்கலாமா என்று கேட்கும் வாசகருக்கு அது உதவுகிறது. அவர் படம் பார்த்துவிட்டு வந்தபின் அவரோடு பேச அதனால் முடியாது.

அங்கேதான் மூன்றாம் வாரம் தேவைப்படுகிறது. முதல் நாள் விமர்சகரின் கை கட்டப்பட்டிருக்கிறது, முடிவைச் சொல்லக் கூடாது. படத்தின் அறம் பெரும்பாலும் முடிவில்தான் இருக்கிறது. யாரைச் சாகவிட்டார்கள், யாரை மன்னித்தார்கள், எந்தக் கொலைக்கு இசையைத் தூக்கினார்கள் என்பதெல்லாம் பேசப்படாமலே போகின்றன. ‘பானி அண்ட் கிளைட்’ விவாதத்தில், குண்டுகள் துளைக்க அந்த இருவரும் மெதுவாக விழும் கடைசிக் காட்சிக்கும் முக்கிய இடம் இருந்தது. அந்தக் காட்சியை மறைத்துக்கொண்டு பாலின் கேல் என்ன எழுதியிருக்க முடியும்?

இன்று பல தமிழ்ப் படங்கள் சில வாரங்களில் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. விருதுநகரிலோ திருப்பத்தூரிலோ இருப்பவரும் அன்றிரவே பார்க்கிறார். அதுவரை தியேட்டர் கிடைக்காமல் போன சின்னப் படங்களுக்கு இது இரண்டாம் பிறப்பு. ‘ஆரண்ய காண்டம்’ 2011 ஜூனில் வந்து வந்த வேகத்தில் போனது. தேசிய விருதுகள் அறிவிக்கப்பட்டபோது பார்க்க ஆசைப்பட்டவருக்குத் தியேட்டரில் படம் இல்லை. இன்றைக்கு அந்த நிலை மாறிவிட்டது. படம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, அதைப் பற்றி எழுதத்தான் ஆளில்லை.

நாளிதழ் ஆசிரியர்களிடம் நான் கேட்பது பெரிய செலவில்லை. ஒரு படத்துக்கு இரண்டு விமர்சகர்கள், அவர்கள் முரண்பட்டால் இரண்டையும் போடுங்கள். பத்திரிகையாளர் காட்சியில் படக்குழுவின் நண்பர்கள் தட்டும் கைதட்டலுக்கு நடுவே பார்த்தது போதாது, இரண்டாம் வாரம் டிக்கெட் எடுத்துக்கொடுத்து மாலைக் காட்சிக்கு அனுப்புங்கள். மனம் மாறியிருந்தால் அதை எழுத இடம் கொடுங்கள். பொங்கலோ தீபாவளியோ முடிந்த மூன்றாம் ஞாயிறு, அந்தப் பருவத்தின் படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து அரைப்பக்கம். அந்த அரைப்பக்கத்தில் திரைப்பட விளம்பரம் வேண்டாம்.

தயாரிப்பாளர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. நீதிமன்றத்தில் மூன்று நாள் மௌனம் கேட்டு வாதாடும் பணத்தில் ஒரு பங்கை, படம் வெளியாகிச் சில வாரங்கள் கழித்து விமர்சகர்களும் இயக்குநரும் டிக்கெட் வாங்கிய ரசிகர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசும் ஒரு காட்சிக்குச் செலவிடலாம். அங்கே இயக்குநர் திட்டு வாங்கவும் கூடும். அடுத்த படத்தின் திரைக்கதையை எழுத உட்காரும்போது, முதல் நாள் வந்த மூன்றரை நட்சத்திரத்தைவிட அந்தத் திட்டு அவருக்கு அதிகம் பயன்படும்.