ஹயா நோயை மறைப்பதற்கன்று

இருக்கன்குடிக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் அண்மையில் ஒரு ஜனாஸாவில் கலந்துகொண்டோம். மறைந்தவர் ஐம்பது வயதைக் கடந்த ஒரு தாய். வீட்டிலிருந்தபடியே தீப்பெட்டி ஒட்டிப் பிள்ளைகளை ஆளாக்கியவர். மார்பில் கட்டி தோன்றியதை ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக் காலம் அவர் எவரிடமும் கூறவில்லை. கூறியபோது அது புண்ணாகிவிட்டிருந்தது. மய்யித்தைக் குளிப்பாட்டுவோர் தாம் கண்ட குறையை வெளியே சொல்லலாகாது என்பது மார்க்கம் நமக்குக் கற்பித்த ஒழுக்கம். அப்பெண்களும் எதையும் சொல்லவில்லை. அவர்களுள் மூத்தவர் மட்டும், "இதைப் போன வருஷமே யாராவது ஒருத்தர் பார்த்திருக்கணும்" என்று கூறிவிட்டுக் கை கழுவச் சென்றார்.

போன வருடமே பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்தக் கேள்விக்கு ஆய்வகங்கள் தெளிவான விடை தருகின்றன. அதை நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டும்.

மார்பகப் புற்றுநோய் ஓரிரவில் வருவதன்று. பால் சுரக்கும் நுண்மடல்களிலிருந்து காம்பு வரை செல்லும் மெல்லிய குழாய்களின் உட்சுவரில்தான் அது பெரும்பாலும் தொடங்குகிறது. அச்சுவரில் உயிரணுக்கள் இரண்டு அடுக்குகளாக ஒழுங்காக நிற்கின்றன. அவற்றைச் சுற்றி அடித்தளச் சவ்வு என்னும் நுண்ணிய உறை ஒன்று உண்டு. முதலில் உள்ளடுக்கின் அணுக்கள் தேவைக்கு மேல் பெருகி நெருக்கியடிக்கின்றன. பின்னர் சிலவற்றின் உட்கரு பெரிதாகிறது, வரிசை குலைகிறது. அதன்பின் குழாயே அடைபடும் அளவுக்கு அவை நிறைகின்றன. ஆயினும் அந்த உறை கிழியாத வரை அவை வேறெங்கும் செல்ல இயலாது. இந்நிலையை மருத்துவர்கள் 'டக்டல் கார்சினோமா இன் சிட்டு' என்பர். எல்லோருக்கும் இது அடுத்த படிக்குப் போவதில்லை. சிலருக்குப் பல ஆண்டுகள் அப்படியே கிடக்கும். இந்நிலையிலேயே கண்டறியப்பட்டுச் சிகிச்சை பெறுவோரில் மிகப் பெரும்பாலோர் பிழைத்துவிடுகின்றனர். உறையைக் கிழித்துக்கொண்டு வெளியேறிய பின்னரே அக்குள் நெறிகட்டுகளுக்கும், எலும்புக்கும், நுரையீரலுக்கும் நோய் பரவ வழி பிறக்கிறது.

தெஹ்ரானில் 1940-இல் பிறந்து, அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் பணியாற்றிய மீனா பிஸ்ஸல் இத்தொடக்க நிலையை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தவர். மார்பக அணுக்களைத் தட்டையான கண்ணாடித் தட்டில் வளர்க்காமல், உடலின் சவ்வை ஒத்த கூழில் வளர்த்தார். நலமான அணுக்கள் அதில் சிறுசிறு உருண்டைகளாகத் தாமே ஒழுங்குபட்டன. புற்று அணுக்களோ ஒழுங்கற்ற குவியலாயின. அவற்றின் மேற்பரப்பிலுள்ள பீட்டா-1 இன்டெக்ரின் என்னும் புரதத்தை ஓர் எதிர்ப்பொருளால் தடுத்தபோது, அதே புற்று அணுக்கள் மீண்டும் உருண்டைகளாக அடங்கின. மரபணுக் கோளாறு அப்படியே இருக்க, நடத்தை மட்டும் திருந்தியது. 1997-இல் அவரும் அவர்தம் குழுவினரும் இதை வெளியிட்டனர். அணு தன் சூழலின் பேச்சைக் கேட்கிறது என்பதே அதன் சாரம். (இதை வைத்து ஒரு பயானே செய்துவிடலாம் என்று தோன்றுகிறது, இங்கு வேண்டாம்.) கூழில் நடந்ததை மனித உடலில் நடத்தும் மருந்து இன்னும் வந்துவிடவில்லை. எனினும் நோய்க்கும் பெண்ணுக்கும் இடையில் ஓர் அவகாசம் உண்டு என்பதை இத்தகைய ஆய்வுகள் ஐயமின்றிக் காட்டிவிட்டன. அந்த அவகாசம் அல்லாஹ் தந்தது. அதைச் செலவழிப்பவர்கள் நாம்.

எவ்வாறு செலவழிக்கிறோம்? முதலில், வலி இல்லை என்று விட்டுவிடுகிறோம். தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இருக்காது என்பதுதான் இந்நோயின் சூழ்ச்சி. பின்னர் ஓதிப் பார்க்கிறோம். ஓதிப் பார்ப்பதை நாம் குறை கூறவில்லை. அதற்காக மருத்துவமனையைத் தள்ளிப்போடுவதையே குறை கூறுகிறோம். அடுத்து, "ஊசி குத்தி எடுத்தால் பரவிவிடும்" என்று யாரோ சொல்லிவிடுகிறார்கள். அது தவறு. ஊசியால் எடுக்கும் சிறு திசுவை மெழுகில் பதித்து, முடியை விட மெல்லிய சீவல்களாகச் சீவி, சாயமேற்றி, உறை கிழிந்திருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். அதைப் பார்க்காமல் எந்தச் சிகிச்சையையும் சரியாக முடிவு செய்ய இயலாது. பெரும்பாலான மார்பகக் கட்டிகள் புற்றே அல்ல என்பதும் அந்தச் சோதனையில்தான் உறுதியாகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக நிற்பது வெட்கம். ஹயா ஈமானின் ஒரு கிளை என்பதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் ஸஹாபாக்கள் காலத்துப் பெண்கள் ஹயாவின் பெயரால் நோயை மறைத்து மடியவில்லை. போர்க்களங்களுக்கு உடன் சென்று காயம்பட்டோருக்குச் சிகிச்சை செய்தவர்கள் அவர்கள். ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரம் நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலை ஒட்டியே அமைந்திருந்தது. மருந்து செய்துகொள்ளலாமா என்று கேட்ட கிராமத்து அரபிகளை மருந்து செய்துகொள்ளுமாறே நபியவர்கள் ஏவினார்கள். பெண் மருத்துவர் இருந்தால் அவரிடம், இல்லையேல் தேவையின் அளவுக்கு ஆண் மருத்துவரிடம் காட்டலாம் என்று ஃபிக்ஹு நூல்கள் வழி திறந்துவைத்திருக்கின்றன. அதை மூடிவைத்தது நம் வீடுகளின் மௌனம்.

பெண்ணின் கைகளே இதில் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு மும்பையில் சான்று உண்டு. டாட்டா நினைவு மருத்துவமனை 1998-இல் தொடங்கிய ஓர் ஆய்வில், 35 முதல் 64 வயது வரையிலான 1,51,538 பெண்கள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் கையாலேயே மார்பகத்தைச் சோதித்தனர். இயந்திரம் ஏதுமில்லை. 2021-இல் வெளியான முடிவின்படி, சோதிக்கப்பட்டோரில் நோய் முன்கூட்டிய நிலையிலேயே பிடிபட்டது. 50 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் இந்நோயால் ஏற்படும் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. இளையோரில் அத்தகைய குறைவு தென்படவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உறைக்குள் அடங்கிய முதல் நிலையைக் கை உணர்வது அரிது. அதற்கு மேமோகிராம் வேண்டும். ஆனால் நெல்லிக்காயளவு கட்டியைப் புண்ணாகும் வரை விட்டுவைக்காமலிருக்க ஒரு செவிலியரின் விரல்கள் போதும்.

வெடி மருந்துக் கந்தகத்தால் வரும் நோய் இது என்று சிவகாசி, சாத்தூர்ப் பக்கம் ஒரு பேச்சு உலவுகிறது. ஆலைக்குப் போகாத பெண்கள் அதனால் தமக்கு இது வராது என்று நம்பியிருக்கிறார்கள். வெடிக்கட்டைத் தொட்டே இராத இல்லத்தரசிக்கும் இது வரும். 2022-இல் இந்தியாவில் 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டதாகவும், சுமார் 98,000 பேர் இறந்ததாகவும் உலகப் புற்றுநோய்க் கணக்கீடு கூறுகிறது. நம் நாட்டுப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் இதுவே.

30 வயதைக் கடந்த பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவிலியரே கட்டணமின்றி மார்பகப் பரிசோதனை செய்கின்றனர். மேற்கொண்டு பார்க்க, விருதுநகரில் 2022-இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியும், மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையும் இருக்கின்றன. தடையாக இருப்பது தூரமன்று. ஒரு நாள் கூலியும் பேருந்துச் செலவும், துணைக்கு வர ஒருவரும் இல்லாமையுமே. கட்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர் ஒரு நாள் போனால் அன்றைய உலையை இழக்கிறார். பைத்துல்மால் இதற்கில்லாமல் வேறெதற்கு? பள்ளிவாசலுக்குக் கிரானைட் பதிக்கத் திரட்டும் வேகத்தில் பாதி இதில் காட்டினாலும் போதும்.

எங்கள் ஜமாஅத்தில் இதைப் பேசியபோது, ஆண்கள் கூடும் ஜும்ஆவில் சொல்வதா என்று சிலர் தயங்கினர். கணவன்மாருக்கும் தெரிந்தாக வேண்டியதே என்று இமாம் கூறியதும் தயக்கம் அடங்கியது. நிஸ்வான் மத்ரஸாவில் வியாழன்தோறும் நடக்கும் பெண்கள் பயானுக்குக் கிராம சுகாதாரச் செவிலியரை அழைப்பதென்றும், அவருடன் செல்வோரின் அன்றைய கூலியையும் பயணச் செலவையும் பைத்துல்மாலிலிருந்து தருவதென்றும் முடிவாயிற்று. முதல் பட்டியலில் ஆறு பெயர்கள் வந்துள்ளன. ஜனாஸாவில் கை கழுவச் சென்ற அந்த மூத்த பெண்மணியின் பெயர் அதில் இரண்டாவது.